ஏழு கணினிகள், ஒரு டியூஷன் மையம்: செந்தூலில் லினக்ஸ் மின்ட்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கோலாலம்பூர் செந்தூலில், ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் டியூஷன் மையம் அதற்கு முந்தைய மாதமே தன் கணினிகளை, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. மாற்றிக் கொடுத்தவன் நான். பகலில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு என்பதால் லினக்ஸ் எனக்குப் புதிதில்லை. எனக்கு எளிதாக இருந்தது என்று சொல்வதில் யாருக்கும் பயனும் இல்லை. அங்கே தினமும் கணினியைத் தொடுகிறவர்களுக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலவரம்

மாணவர் அறையில் நான்கு, வரவேற்பு மேசையில் ஒன்று, கணக்கருக்கு ஒன்று, பாடத்தாள் தயாரிக்கும் ஐயாவுக்கு ஒன்று: ஆக ஏழு மேசைக் கணினிகள். எல்லாவற்றிலும் இன்டெல் நான்காம் அல்லது ஆறாம் தலைமுறைச் செயலிகள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஏழில் ஒன்றும் தேறவில்லை. இத்தனைக்கும் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள்.

மையத்தை நடத்துபவர் ஓர் அக்கா. ஐயா என்று எல்லாரும் கூப்பிடுவது அவருடைய அப்பாவை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தமிழ்மொழித் தாள்கள், பயிற்சிகள், கோயில் கூட்டக் குறிப்புகள், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாசகம் எல்லாம் அவர் கையால்தான். கணக்கர் அந்த வேலையில் பல ஆண்டு ஊறியவர். எக்ஸெலில் மௌஸைத் தொடாமலே வேலையை முடித்துவிடுவார். மாணவர்கள் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் முதல் எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதப்போகும் படிவம் 5 வரை.

ஏழையும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினால் 14,000 ரிங்கிட் அளவில் போகும். அக்கா அந்தத் தொகையைக் கேட்டதும் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிப்புத் திட்டம் வீட்டுப் பயனர்களுக்குத் தாராளமானது, ஆனால் 2026 அக்டோபரோடு முடிந்துவிடும். நிறுவனங்களுக்கோ கணினிக்கு இவ்வளவு என்று கட்டணம், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். பழைய கணினிகளிலும் ஓடும்படி கூகுள் 2022-இல் வெளியிட்ட, பிரவுசரை மையமாகக் கொண்ட குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸையும் யோசித்தோம். மாணவர் அறைக்கு அது பொருந்தியிருக்கும். ஐயாவின் பழைய ஃபைல்களுக்கும் கணக்கரின் வேலைக்கும் பொருந்தாது. மையத்தில் இரண்டு விதச் சிஸ்டம் வைத்து மல்லாட வேண்டாம் என்பது அக்காவின் முடிவு. கடைசியில் இரண்டு விதம்தான் ஆனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த லினக்ஸ்

சாதாரணப் பயனர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் என்றால் விண்டோஸ். லினக்ஸ் என்று தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து விழும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கியது கெர்னல் என்ற மையப் பகுதியை மட்டும். அதன் மேல் திரையமைப்பு, மென்பொருள், அமைவுக் கருவிகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கொரு தொகுப்பாக விநியோகிக்கிறார்கள். சுதந்திரம் என்று அதைப் புகழ்வார்கள். வாங்க வந்தவரைக் கடை வாசலிலேயே நிறுத்திவிடும் சுதந்திரம் அது. தெரிந்தவர் ஒருவர் 'இதைப் போடு' என்று சொல்லாவிட்டால் பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22.2, சின்னமன் திரையோடு. மின்ட் 2006-இல் தொடங்கியது. உபுண்டுவின் மேல் கட்டப்படுவது. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை, வலது கீழே மணி, ஜன்னலை மூடும் பெருக்கல் குறி வலது மேலே. விண்டோஸ் 7 பழகிய கைக்குத் தேடவே தேவையில்லை. உபுண்டுவின் திரை அழகாக இருக்கலாம், ஆனால் இடப்பக்கம் நிற்கும் அதன் பட்டையை ஐயாவுக்கு விளக்கும் நேரத்தில் நான் இன்னொரு கணினியை மாற்றி முடித்துவிடுவேன்.

ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் ஒன்று 100 ரிங்கிட்டுக்குள் வாங்கிய 240 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகங்களைப் போட்டோம். ஐயாவின் கணினியில் ஏற்கெனவே 120 ஜிபி ஒன்று இருந்தது. மாற்றியதும் எல்லாரும் 'லினக்ஸ் செம வேகம்' என்றார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குச் சேர வேண்டியது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே மின்ட்டைப் போட்டிருந்தால் இந்த ஆய்வின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

நிறுவுவது கடினமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெண்டிரைவில் எழுதி, தொடக்கத் திரையில் அதைத் தேர்ந்தெடுத்து, நாலைந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பயனரின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வியே வேறு. விண்டோஸைத் தானே நிறுவிய சாதாரணப் பயனர் எத்தனை பேர்? கணினியோடு வந்திருக்கும், அல்லது கடைக்காரர் போட்டுக் கொடுத்திருப்பார். லோ யாட்டில் எந்த மாடியில் ஏறினாலும் விண்டோஸ் போட்டுத் தர ஆள் உண்டு. லினக்ஸ் போடுகிறவரைத் தேடித்தான் போக வேண்டும். ஸ்டேட்கவுண்டர் கணக்கில் உலக மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு 4 விழுக்காட்டைத் தொட்டதே 2024 தொடக்கத்தில்தான். அவ்வளவு சின்னச் சந்தைக்கு எந்தக் கடைக்காரர் ஆள் வைப்பார்?

நிறுவும்போது ஒரே ஒரு சிக்கல். வரவேற்புக் கணினியில் செருகியிருந்த யூஎஸ்பி வைஃபை துண்டை மின்ட் கண்டுகொள்ளவில்லை. அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும், இணையத்துக்குப் போக அந்த டிரைவர் வேண்டும். அக்காவின் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைத் தட்டியதும் இணையம் வந்துவிட்டது. பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரே பார்த்துக்கொண்டது. இது தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவர், 'லினக்ஸில் வைஃபை வராது' என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாணவர் அறை

இங்கே ஆராய அதிகம் இல்லை. பிள்ளைகளுக்குக் கணினி என்றால் பிரவுசர். கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வா, யூடியூப் எல்லாம் அதற்குள்ளேயே. மலேசியப் பள்ளிகள் குரோம்புக் பயன்படுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது 2013-இல். அந்தக் குரோம்ஓஎஸ்ஸும் லினக்ஸ் கெர்னல் மேல் ஓடுவதுதான், அவர்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டும் அப்படியே. கீழே இருக்கும் சிஸ்டத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு புகார், ராப்லாக்ஸ் எங்கே என்பது. லினக்ஸுக்கு அதன் அதிகாரப்பூர்வப் பதிப்பு இல்லை என்றேன். 'இது நமக்கு நல்லதுதானே' என்று அக்கா உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார்.

ஐயாவின் மேசை

ஐயாவுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், அவரைக் கடைசியில் மாற்றலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். மாறாக, முதல் வாரம் முடிவதற்குள் இயல்பாக வேலை செய்தவர் அவர்தான். அவருடைய தேவை தெளிவானது: எழுத வேண்டும், அச்சடிக்க வேண்டும், வாட்ஸ்அப் வெப்பில் வந்த ஃபைலைத் திறக்க வேண்டும், மெயிலில் அனுப்ப வேண்டும். மின்ட்டோடு வரும் இலவச அலுவலகத் தொகுப்பான லிபர்ஆபிஸின் ரைட்டரைத் திறந்து, 'வேர்டு மாதிரிதானே இருக்கு' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டம் அவரைத் தடுமாற வைக்கவில்லை. தமிழ் வைத்தது.

ஐயா தட்டுவது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தர விசைப்பலகை அது. நம் ஊரில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகப் பலருக்குப் பழகியது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டலில் 'அம்மா' வந்துவிடும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்', 'பந்து' போன்ற சொற்களிலும் நடுவில் புள்ளி தானாக வரும். இந்த வசதியில் பழகிய விரலுக்கு வேறெதுவும் பிடிக்காது.

மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் தமிழ் என்று தேடினால் 'தமிழ்நெட் 99' என்ற பெயரிலேயே ஒன்று கிடைக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு ஐயாவைத் தட்டச் சொன்னேன். இரண்டு வரி தட்டிவிட்டு, 'தம்பி, இது 99 இல்ல' என்றார். எழுத்துகள் இருக்கும் இடம் சரி, நடத்தை சரியில்லை. அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று இணைத்துவைக்கும் எளிய வரைபடம். முன்னால் என்ன தட்டினீர்கள் என்பதை அது பார்க்காது, ஆகவே புள்ளி தானாக விழாது. நிஜமான தமிழ்99 இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, அங்கே தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஐயாவின் விரல்கள் தம் போக்கில் ஓடத் தொடங்கின. அதற்குப் பிறகு இதுபற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தமிழ் எழுதுகிறவருக்கு இந்த இடத்தில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் உலகம் செய்வது சரியில்லை என்பது என் கருத்து. வேலை முடிந்திருக்கிறது, தரமாகவும் முடிந்திருக்கிறது. யாரோ சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து செய்து கொடுத்த வேலை. ஆனால் ஒரே பெயரில் இரண்டை வைத்து, முடமான ஒன்றை முன்வாசலிலும் முழுமையானதைக் கொல்லைப்புறத்திலும் வைத்தால், முன்வாசலில் வந்தவர் எதைத் தமிழ்99 என்று நினைத்துத் திரும்புவார்?

அடுத்தது பழைய ஃபைல்கள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஐயா சேர்த்துவைத்த தேர்வுத்தாள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தியவை பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்கப் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஐயா முகம் மாறிவிட்டது; எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தார். பழைய விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து அந்த எழுத்துரு ஃபைல்களை எடுத்து, இரண்டு முறை கிளிக் செய்து நிறுவியதும் தாள்கள் உயிர் பெற்றன. பார்ப்பதற்கும் அச்சடிப்பதற்கும் அது போதும். தேடவும் திருத்தவும் வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் அதற்கான மாற்றிகள் உள்ளன. அதை வைத்துக் கொத்தாக மாற்றிக் கொடுத்தேன். மிச்சம் இருந்த பிழைகள் கணினி செய்தவை இல்லை. 'ர' வர வேண்டிய இடத்தில் பல ஆண்டுகளாகத் துணைக்காலைத் தட்டி வைத்திருந்தார்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால். தாளில் யாருக்கும் தெரியாமல் இருந்தது யூனிகோடில் எழுத்து உடைந்து தெரிந்தது. ஐயா சிவப்புப் பேனா மனநிலையில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறார்.

பிறகு பக்கக் கணக்கு. யூனிகோடில் தட்டிய புதிய தாள்கள் விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் இருந்தன. அது மின்ட்டில் இல்லை. லிபர்ஆபிஸ் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டது, அகலம் வேறானது, நான்கு பக்கத் தாள் ஐந்தாம் பக்கத்துக்கு இரண்டு வரி வழிந்தது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஏரியல், டைம்ஸ், காலிப்ரி ஆகியவற்றுக்கு அதே அகலம் கொண்ட மாற்று எழுத்துருக்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். லதாவுக்கு அப்படி ஒன்று அந்தக் கணினியில் இல்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் கூடுதல் என்றால் நகல் செலவு கூடும், அக்கா விடுவாரா? இனி எல்லாத் தாளும் நோட்டோ சான்ஸ் தமிழில், வெளியே போவது பிடிஎஃப்பாக மட்டும் என்று ஐயா தானே ஒரு விதி வைத்துக்கொண்டார்.

மெனுக்களைத் தமிழில் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும். வைத்தோம். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வந்ததைச் சில நாள் பார்த்துவிட்டுப் பழையபடி ஆங்கிலத்துக்கே போய்விட்டார்.

கணக்கரின் மேசை

கம்ப்யூட்டர் கெட்டிக்காரர் என்று மையத்தில் பெயரெடுத்தவர் இவர். அதிகம் துன்பப்பட்டவரும் இவரே. திறமை முழுவதும் ஒரு மென்பொருளின் நெளிவுசுளிவுகளில் சேர்ந்திருந்தது. ஆல்ட் விசையை அழுத்தி எழுத்துகளை வரிசையாகத் தட்டி எக்ஸெல் கட்டளைகளை ஓட்டும் பழக்கம் அவருக்கு. லிபர்ஆபிஸ் கால்க்கில் அந்த வரிசைகள் வேலை செய்யாது. யோசிக்காமல் செய்த வேலையை யோசித்துச் செய்ய வேண்டி வந்தது. 'அண்ணே, பத்து வருசத்துக்கு முன்னால வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கு' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

சூத்திரங்கள் பெரும்பாலும் அப்படியே வந்தன. கட்டண நிலுவைப் பட்டியலுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்த மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு, வரவில்லை. அது எழுதப்பட்ட மொழியான விபிஏவை லிபர்ஆபிஸ் ஓரளவுதான் புரிந்துகொள்ளும். அதை நான் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கலாம். முட்டுக்கட்டையாக நின்றது கணக்கு மென்பொருள். விண்டோஸுக்கு மட்டும் செய்யப்பட்டது, மையத்தின் பல ஆண்டுக் கணக்கு அதற்குள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் மூலம் திறந்து பார்த்தோம். முகப்பு வந்தது, உரிமம் சரிபார்க்கும் இடத்தில் நின்றுவிட்டது. இன்னும் தோண்டினால் ஓட வைத்திருக்கலாம். ஆனால் அப்படி ஓட்டிய ஒன்று மாதக் கடைசியில், சம்பளம் போடும் நாளில் படுத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? பிறர் பணத்தைக் கையாளும் மென்பொருளை இப்படி முட்டுக்கொடுத்து ஓட்டக் கூடாது.

வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ், ஊழியர் சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ, வங்கித் தளம் எல்லாம் பிரவுசரில் சிக்கலின்றித் திறந்தன. அந்த ஒரே ஒரு மென்பொருளுக்காகத்தான் விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி ஒன்றை 2,000 ரிங்கிட் அளவில் வாங்க வேண்டியிருந்தது. கணக்கர் தன் பழைய நாற்காலிக்குத் திரும்பியதுபோல் நிம்மதியானார். அவருடைய பழைய கணினி மின்ட்டோடு மாணவர் அறைக்குப் போனது.

'லினக்ஸ் எளிதா?' என்று பொதுவாகக் கேட்பவர்கள், புதியவருக்குக் கடினம், தெரிந்தவருக்கு எளிது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மையத்தில் தலைகீழாக நடந்தது. குறைவாகக் கேட்டவர் எளிதாக மாறினார், ஒரு மென்பொருளில் ஆழமாகப் போனவர் மாறவே முடியவில்லை. வயதை வைத்து இதைக் கணிக்க முயன்றால் தவறான ஆளை முதலில் உட்கார வைப்போம்.

பிரிண்டர்கள்

மையத்தில் இரண்டு. இங்க் டேங்க் உள்ள கலர் பிரிண்டர் வைஃபையில் இருந்தது. மின்ட் முதல் முறை திறந்தபோதே அது பட்டியலில் தயாராக இருந்தது. டிரைவர், குறுந்தகடு ஒன்றும் இல்லை. ஸ்கேனும் வேலை செய்தது. இதற்கு ஐபோனுக்கு நன்றி சொல்ல வேண்டும். போனிலிருந்து அச்சடிப்பதற்காக ஆப்பிள் 2010-இல் ஏர்பிரிண்டைக் கொண்டுவந்த பின், பிரிண்டர் நிறுவனங்கள் எல்லாம் டிரைவர் தேவைப்படாத பொதுவான வழிமுறைகளுக்கு வந்தன. அதே வழியில் லினக்ஸும் பேசுகிறது. விண்டோஸில் இதே பிரிண்டரை நிறுவ ஐயா முன்பு பட்ட பாட்டை அக்கா நினைவுபடுத்தினார்.

பழைய கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர் வேறு ரகம். தயாரித்த நிறுவனத்தின் சொந்த மொழி தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. அந்த மொழிக்கான லினக்ஸ் டிரைவர் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது, புதிய மின்ட்டில் ஓடவில்லை. தேர்வுத்தாள் மலிவாக அடிப்பதற்கு இருந்ததோ அது ஒன்றுதான். இப்போது கணக்கரின் விண்டோஸ் கணினியில் மாட்டி, பிடிஎஃப்களைப் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டால் அங்கிருந்து அடிக்கிறார்கள். ஒப்பேற்றல்தான். அடுத்து வாங்கும் பிரிண்டர் ஏர்பிரிண்ட் உள்ளதாக இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் நாளைக் கெடுக்கக்கூடியது. நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், சில மென்பொருள்களில் தாள் அளவு ஏ4 ஆக இல்லாமல் லெட்டர் என்று நிற்கும். பிரிண்டர் கண் சிமிட்டிக்கொண்டு வேறு தாளுக்காகக் காத்திருக்கும். வட்டார அமைப்பை மலேசியா என்று மாற்றி, லிபர்ஆபிஸிலும் பக்க அளவைச் சரிபார்த்துவிட்டால் தீர்ந்தது.

பராமரிப்பு

அப்டேட் விஷயத்தில் மின்ட் பயனரை மதிக்கிறது. கீழே ஒரு கேடயச் சின்னத்தில் புள்ளி தெரியும், நேரம் இருக்கும்போது அழுத்தலாம். பாடம் நடக்கும்போது திரையை நீலமாக்கி, 'அணைக்காதீர்கள்' என்று உட்கார்ந்துகொள்ளாது. மதிப்பதன் மறுபக்கம், யாரும் அழுத்துவதே இல்லை. மாணவர் கணினிகளில் தானாக அப்டேட் ஆகும்படி வைத்துவிட்டேன். புதிதாக எதையாவது நிறுவப் போனால் பாஸ்வேர்டு கேட்கும். அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பிள்ளைகள் கண்டதையும் நிறுவாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல பூட்டு இல்லை.

ஒருநாள் ஐயாவின் கணினி 'இடம் இல்லை' என்றது. சிஸ்டம் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்ட் பிரதிகளைச் சேர்த்துக்கொண்டே போய் அந்த 120 ஜிபியை நிரப்பிவிட்டது. பிரதிகளின் எண்ணிக்கையைக் குறைத்ததும் சரியானது. ஆனால் அதற்கு முன் மையத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இணையத்தில் தேடியிருக்கிறார். கிடைத்தது எல்லாம் டெர்மினலைத் திற, இதை ஒட்டு, என்டர் தட்டு. எது எதை அழிக்கும் என்று தெரியாமல் அவர் கையை எடுத்துவிட்டு எனக்கு போன் செய்தார், புத்திசாலி. லினக்ஸ் திரை இப்போது மிக எளிது. சிக்கல் வந்தால் கிடைக்கும் உதவி இன்னும் எளிமையாகவில்லை. மௌஸால் நாலு கிளிக்கில் முடிவதற்கும் கட்டளையைத்தான் எழுதித் தருகிறார்கள், எழுதுகிறவர்களுக்கு அது வசதி என்பதால். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகள் உள்ளன. ஆனால் மின்ட்டில் நிஜத் தமிழ்99 எங்கே இருக்கிறது என்று தேடும் செந்தூல்காரர் அங்கே போய்ச் சேர வழிகாட்ட ஒருவர் வேண்டும்.

அரசுகள் முயன்ற இடத்திலும் இதே கதை. மலேசியாவில் அரசு நிர்வாகத்தை நவீனப்படுத்தும் பிரிவாக இருந்த மாம்பு 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூலப் பெருந்திட்டத்தைத் தொடங்கியது, அதற்கென ஒரு திறன் மையமும் வைத்தது. அந்த வேகம் பின்னர் தணிந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி 2013-இல் முடித்தது, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. கேரள அரசுப் பள்ளிகளிலோ லினக்ஸ் நிலைத்து நிற்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள், பாடமும் தேர்வும் லினக்ஸிலேயே வைத்தார்கள். சிக்கல் என்றால் பக்கத்து வகுப்பில் கேட்க ஆள் இருந்தது.

செந்தூலில் இப்போதைக்கு அந்த ஆள் நான். இது எனக்குச் சங்கடம், மையத்துக்கு ஆபத்து. நான் ஜோகூர் பாருவுக்கு மாற்றலாகிப் போனால்? அந்த இளைஞருக்குக் கேடயம், டைம்ஷிஃப்ட், பிரிண்டர் வரிசை, வெறும் வட்டிலிருந்து மீண்டும் நிறுவுவது ஆகிய நான்கையும் கற்றுக்கொடுத்து வருகிறேன். மாணவர் அறையின் ஐந்தாவது கணினியை அவரே தனியாக நிறுவினார். எஸ்எஸ்டி, பழைய ரேம், புதிய விண்டோஸ் கணினி எல்லாம் சேர்த்தாலும் அக்காவின் செலவு 3,000 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. கணக்கு மென்பொருளின் ஆண்டு உரிமம் புதுப்பிக்கும் நாள் வருவதற்குள், பிரவுசரில் ஓடும் வேறொன்றைப் பார்க்கலாமா என்று இப்போது கணக்கரே கேட்டிருக்கிறார். ஒன்றிரண்டை விண்டோஸிலேயே முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.